பக்கத்து சீட்டு பிரேக்

அப்பாவுக்கு வாழ்க்கை என்பது ஒரு சாலை. இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் கற்றுக்கொள்பவர் கிளட்சைப் பட்டென்று விட்டிருப்பார், கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோயிருக்கும். "பாத்தீங்களா, வாழ்க்கையும் இப்படித்தான்" என்று அதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்வார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவரிடமிருந்து லைசென்ஸோடு வெளியே போன ஒவ்வொருவருக்கும் அவருடைய இளமைக் காலமும் சேர்த்தே மனப்பாடம்.

பயிற்சிக்கென்று அவர் ஒரு பாதை வைத்திருந்தார். அந்தப் பாதையில் எந்த இடத்தில் எந்த நினைவு வரும் என்பது பஸ் நிறுத்தம் மாதிரி முடிவான விஷயம். தண்ணீர்த் தொட்டி வளைவில் பசி. அதாவது, ஒரே சட்டையோடு இந்த ஊரில் வந்து இறங்கி அவர் வேலை தேடி அலைந்த நாட்கள். ரயில்வே கேட்டில் பொறுமை. மேம்பாலத்து ஏற்றத்தில் விடாமுயற்சி. பாதி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் கதையை ஆரம்பித்தால், அது முடியும்வரை கற்றுக்கொள்பவரின் கால் கிளட்சில் நடுங்கிக்கொண்டிருக்கும். கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டி ரிவர்ஸ் பழக்கும்போது நிலையாமை. சிக்னலில் பச்சை விழுந்தாலும் பாடம் முடியாமல் வண்டி நகராது. பின்னால் நின்று ஹாரன் அடிப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். எந்தக் கதை ஓடுகிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரிந்துதான் அடிப்பார்கள்.

நானும் அவரிடம் கற்றுக்கொள்ளப் போனவள்தான். இரண்டாவது வாரமே இறங்கி ஓடிவந்துவிட்டேன். எனக்குக் கார் ஓட்ட வராததற்குக் கிளட்ச் காரணமில்லை, தண்ணீர்த் தொட்டிதான் காரணம். இப்போது ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். சைக்கிளில் போய்வருகிறேன். வருகிறவர்களையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்வது என் வேலை. வீட்டில் இருக்கும் ஒரே ஒரு மனிதரை வாயை மூடச் சொல்ல என்னால் முடியவில்லை.

அவருடைய காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுபவர் தடுமாறினால் மாஸ்டர் அதை மிதித்து வண்டியை நிறுத்தலாம். வருஷக்கணக்காக மிதித்து மிதித்து அந்தக் கால் அப்பாவின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். சினிமாவில் கார் துரத்தும் காட்சி வந்தால் முன்வரிசைக்காரரின் முதுகு உதைபடும். எனக்கு இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்ன அன்று, சாப்பாட்டு மேசைக்கு அடியில் அது தரையை ஓங்கி மிதித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

லைசென்ஸ் தேர்வு நாளில் மட்டும் அந்தக் கால் தவம் கிடக்கும். தேர்வில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் மாஸ்டர் உட்கார வேண்டும், பின்சீட்டில் அதிகாரி உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். மாஸ்டரின் கால் பிரேக்கைத் தொட்டால் அந்த நொடியே தோல்வி. தேர்வில் தன் கால் ஒருமுறைகூட அசைந்ததில்லை என்பதில் அப்பாவுக்கு அப்படியொரு பெருமை. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே கண்ணை இறுக மூடிக்கொண்டு புகுந்த மளிகைக் கடைக்காரருக்குக்கூட அவர் பிரேக் போடவில்லை. கடைக்காரர் பாஸாகிவிட்டார். "நம்பிக்கை வைக்கணும். நம்பாம யாரையும் ஓட்டவைக்க முடியாது" என்பது அந்தச் சம்பவத்திலிருந்து ஊருக்குக் கிடைத்த வாழ்க்கைப் பாடம்.

வீட்டுக்குள்ளும் அவர் ஒரு பாதை போட்டு வைத்திருந்தார். இரண்டு தடவை செய்த எதுவும் அவருக்கு 'நம்ம குடும்ப வழக்கம்'. கார் சாவி அவருடைய சட்டைப் பையில் இருப்பது குடும்ப வழக்கம். சனிக்கிழமை காலையில் அம்மா காரைக் கழுவுவது குடும்ப வழக்கம். காருக்கு வெளிப்பக்கம் முழுவதும் அம்மாவின் பொறுப்பு, உள்பக்கம் முழுவதும் அப்பாவின் அதிகாரம். வழக்கங்களிலெல்லாம் தலையாயது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோருமாகக் காரில் ஒரு சுற்றுப் போய்வருவது. அப்பா ஓட்டுவார். பக்கத்து சீட்டில் அவருடைய பை உட்காரும். பின்சீட்டில் டீ பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அம்மா, ஓரமாக நான். எங்கே போகிறோம் என்று கேட்பது வழக்கத்தில் இல்லை.

அம்மாவுக்கு ஓர் அக்கா இருந்தாள். எனக்குப் பெரியம்மா. ஊரின் மறுகோடியில், ஆற்றுப் பாலத்துக்கு அப்பால், மகன் வீட்டில் இருந்தாள். அவளுக்கு மறதி நோய் ஆரம்பித்திருந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு எந்த வீட்டில் இருக்கிறோம் என்பதை மறந்தாள். ஒருநாள் சொந்த மருமகளைப் பார்த்து, "ரொம்ப நல்ல பொண்ணா இருக்கு, யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டாளாம். மருமகளுக்கு அதில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நினைவு நன்றாக இருந்த நாட்களில் பெரியம்மா வாயிலிருந்து அவளைப் பற்றி அப்படியொரு வார்த்தை வந்ததே கிடையாது.

அம்மாவை மட்டும் அவளுக்கு இன்னும் தெரிந்தது. வாசலில் பார்த்ததும் "வாடி" என்பாள். அந்த 'வாடி' இருக்கும்வரை தினமும் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை. ஆனால் இரண்டு பஸ் மாற வேண்டும், இறங்கியபின் ஒரு மேடு ஏற வேண்டும். ஒருமுறை போய்வந்தால் அம்மாவின் முழங்கால் மறுநாள் முழுக்க அவளோடு சண்டை போடும். அப்பாவைக் கேட்டால், "ஞாயித்துக்கிழம போலாம்" என்பார். ஞாயிற்றுக்கிழமையும் வரும், காரும் கிளம்பும். ஆற்றுப் பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அப்பா வண்டியைத் திருப்பிவிடுவார். "அந்தப் பக்கம் ஒரே நெரிசல்" என்பார். பின்சீட்டில் அம்மா பிளாஸ்க் மூடியைத் திருகித் திறப்பாள், மூடுவாள், மறுபடியும் திறப்பாள். எனக்கு அப்பாவின் பையைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் போல ஆத்திரமாக வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் அப்பா தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அன்று முதல் தடவையிலேயே பாஸாகியிருந்தார். சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"வயசெல்லாம் ஒரு தடையே இல்ல. மனசு வச்சா எந்த வயசுலயும் கத்துக்கலாம். அவருக்கு உன்னவிட ஏழெட்டு வயசு அதிகம், தெரியுமா?"

"அப்ப எனக்கும் சொல்லிக்கொடுங்க" என்றாள் அம்மா.

மேசைக்கு அடியில் கால் தரையை மிதித்தது.

"உனக்கா? உனக்கு எதுக்கும்மா? நான்தான் இருக்கேனே."

"நீங்க இருக்கீங்க. எங்கக்கா நான் யாருன்னு மறக்கறதுக்குள்ள நான் அங்க போகணும்ல?"

"அது சரி. ஆனா கார்ன்னா சும்மாவா? ஒரு நிதானம் வேணும், ஒரு பழக்கம் வேணும்..."

"இப்பத்தானே மனசு வச்சா போதும்னு சொன்னீங்க?"

நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. வருஷக்கணக்காக ஊருக்கெல்லாம் வாரி வழங்கிய பாடம் ஒன்று திரும்பி வந்து அவரையே கழுத்தைப் பிடித்துவிட்டது. அப்பா கொஞ்ச நேரம் தண்ணீர் குடித்தார். தம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி, பாக்கலாம்" என்றார்.

அம்மாவுக்கான வகுப்புகள் காலை வேளையில் நடந்தன. என்ன நடந்தது என்பதை அம்மா சாயங்காலம் எனக்குச் சொல்லுவாள், இரண்டு பேரும் சமையலறையில் நின்று வயிறு வலிக்கச் சிரிப்போம். முதல் நாள் தண்ணீர்த் தொட்டி வளைவில் அப்பா பழக்கதோஷத்தில் ஆரம்பித்திருக்கிறார். "இங்கதான் நான் ஒத்த சட்டையோட வந்து..." அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாளாம்: "ஒத்த சட்டையோட வந்தது உங்க அண்ணன். நீங்க வந்தப்ப பெட்டி நிறைய துணி இருந்துச்சு. எல்லாத்தையும் இஸ்திரி போட்டு அடுக்கிக் குடுத்தது உங்கம்மா. அவங்களே எங்கிட்ட சொல்லியிருக்காங்க."

ரயில்வே கேட்டில் பொறுமையைப் பற்றித் தொடங்கினார். "அதப் பத்தி எனக்கே சொல்லித்தர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். மேம்பாலத்தில் அவர் வாயே திறக்கவில்லை. கதைகள் இல்லாத அந்தப் பாதை பாதி நேரத்தில் முடிந்துபோனது. அதனாலேயே அம்மா வேகமாகக் கற்றுக்கொண்டாள் என்பது என் அபிப்பிராயம். கல்லறைச் சுவரை ஒட்டி அவள் ரிவர்ஸ் எடுத்த அழகைப் பார்த்துவிட்டு அப்பாவே, "பரவால்ல, கை நல்லா வருது" என்றாராம். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

தேர்வு நாள் வந்தது. அம்மா இருப்பதிலேயே நல்ல சேலையை உடுத்திக்கொண்டு போனாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். அப்பா ஓட்டிக்கொண்டு வந்தார். அம்மா பின்சீட்டில் இருந்தாள். அந்தக் காட்சியே சேதியைச் சொல்லிவிட்டது.

"ஒரு நாய் குறுக்க வந்துருச்சு" என்றார் அப்பா. "நான் மட்டும் பிரேக் போடலன்னா என்ன ஆயிருக்கும்?"

"நான் எந்த நாயையும் பாக்கல" என்றாள் அம்மா.

"அங்கதான் இருக்கு உனக்கும் எனக்கும் வித்தியாசம். அதுக்குப் பேர்தான் அனுபவம். வராத நாயையும் பாக்கத் தெரியணும்."

அன்று சாப்பாட்டு மேசையில் தோல்வியைப் பற்றிய பாடம் நடந்தது. தோல்வி என்பது ஸ்பீட் பிரேக்கர் மாதிரி, அது நம்மை நிறுத்துவதற்காக வருவதில்லை, நிதானப்படுத்துவதற்காக வருகிறது என்றார். அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். போட்ட வேகத்தில் பாதி மேசையில் விழுந்தது.

அடுத்த வாரம் அந்தத் தேர்வு அதிகாரியே எங்கள் கிளினிக்குக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க வந்தார். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு டாக்டர் உள்ளே போன நேரத்தில், நான் மெதுவாக விசாரித்தேன்.

"நாயா?" என்றார், ஒரு கன்னம் வீங்கி, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்க. "எந்த நாயும்மா? அந்த ரோட்ல ஈ காக்கா இல்ல. உங்கம்மா தேர் மாதிரி அழகா ஓட்டிட்டுப் போறாங்க. திடீர்னு மாஸ்டர் மிதிச்சாரு பாருங்க, நான் போய் முன்சீட்டுல முட்டிக்கிட்டேன். இந்தப் பல்லே அன்னைக்குத்தான் ஆட ஆரம்பிச்சுது."

மறு தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் அம்மா பஸ்ஸில்தான் போய்வந்தாள். ஒருநாள் பெரியம்மா அவளை வாசலில் பார்த்து, "வாங்க, உக்காருங்க, பையன் இப்ப வந்துருவான்" என்றாளாம். அம்மா அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த முறை போனபோது மறுபடியும் "வாடி" வந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அம்மா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அந்த மேட்டில் ஏறும்போது, இன்று என்ன வருமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்றாள்.

இரண்டாவது தேர்வுக்கு முன்னால் அப்பா சத்தியமே செய்தார். காலை அசைக்க மாட்டேன், அசைத்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்றார். முன்னெச்சரிக்கையாக இரண்டு காலையும் சீட்டின் மேலே மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மாஸ்டரின் கால் கீழேதான் இருக்க வேண்டும் என்று அதிகாரி சட்டம் பேசினார். சரி என்று அப்பா தன்னுடைய பையை எடுத்து பிரேக்கின் மேல் வைத்துவிட்டு, காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். கண்ணுக்கெட்டிய தூரத்தின் கடைசியில் ஒரு லாரி தெரிந்தது. லாரி அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்ததா, போய்க்கொண்டிருந்ததா என்றுகூடச் சொல்ல முடியாத தூரம். கால் பைமேலேயே ஏறி மிதித்தது. பைக்குள் இருந்த மூக்குக் கண்ணாடி நொறுங்கிய சத்தம் பின்சீட்டுவரை கேட்டதாம். அதிகாரி இந்தத் தடவை முன்சீட்டை இரண்டு கையாலும் முன்னாடியே கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "விடாமுயற்சிங்கறது..." என்று தொடங்கினார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போதும். மளிகைக் கடைக்காரர் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுனாரு. அவர நம்புனீங்க. தபால்காரர நம்புனீங்க. ஊர்ல ஒருத்தர் விடாம எல்லாரையும் நம்புனீங்க. முப்பது வருஷமா உங்ககூட இருக்கேன். உங்க காலுக்கு என்னைய நம்ப மட்டும் மனசு வரல."

"நம்பாம இல்லம்மா" என்றார் அப்பா. "அவங்களுக்கு ஏதாவது ஆனா அது அவங்க தலையெழுத்து. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அது நடிப்பில்லை. மனுஷர் நிஜமாகவே நடுங்கிக்கொண்டுதான் நின்றார். எனக்கே ஒரு கணம் மனசு இளகிவிட்டது. அம்மாவுக்கு இளகவில்லை.

"எனக்கு ஆயிட்டுத்தான் இருக்கு. நீங்க ஒரு தடவ பிரேக்க மிதிச்சா எனக்கு ரெண்டு மாசம் போகுது. அந்த ரெண்டு மாசத்துல எங்கக்கா என்னக் கொஞ்சம் கொஞ்சமா மறந்துட்டிருக்கா. நீங்க என்னையப் பத்திரமா வச்சுக்கிட்டு யாருக்காக?"

மறுநாளே அம்மா மஞ்சள் காரில் போய்ச் சேர்ந்தாள். மஞ்சள் கார் என்பது எதிர்த்தெருவில் இருந்த இன்னொரு பயிற்சிப் பள்ளி. அதை நடத்திய பெண் அப்பாவிடமே படித்தவள். அவரிடமிருந்து அவள் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம் பேசாமல் இருப்பது. "போங்க", "நிறுத்துங்க", "ம்" என்ற மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டே அவள் தொழிலை நடத்தினாள். அம்மாவை ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். அதோடு அவளிடம் சேர்க்கை முடிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? மாஸ்டர் வீட்டு அம்மா மஞ்சள் காரில் போகிறாள் என்பது ஒரே நாளில் தெருவெல்லாம் பரவிவிட்டது. தபால்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து துக்கம் விசாரித்தார். அப்பாவா அசருவார்? "நான்தான் அனுப்பினேன். அந்தப் பொண்ணு எப்படிச் சொல்லித்தருதுன்னு உள்ள இருந்து பாத்துட்டு வான்னு சொல்லியிருக்கேன். போட்டிய எப்பவும் மதிக்கணும் பாருங்க" என்று அதிலிருந்தும் ஒரு வாழ்க்கைப் பாடத்தைக் கறந்துவிட்டார். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அவருடைய முகம் சுண்டிப்போயிருந்தது. அன்று முழுவதும் ரேடியோவைப் போட்டுவிட்டு அதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது தேர்வில் பக்கத்து சீட்டுக்காரி ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாளாம். அம்மா பாஸாகிவிட்டாள். அதிகாரி இறங்கும்போது கும்பிடு போட்டுவிட்டுப் போனார் என்று அம்மா சொன்னாள். பாஸானதற்கு வாழ்த்தா, பற்கள் தப்பியதற்கு நன்றியா என்று தெரியவில்லை.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று அம்மா அதைச் சாப்பாட்டு மேசையில் அப்பா முன்னால் வைத்தாள். அப்பா அதை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். எதையாவது சொல்லியே ஆக வேண்டும் அவருக்கு.

"போட்டோ சரியா விழல" என்றார்.

"சாவி" என்றாள் அம்மா, கையை நீட்டி.

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. கியர் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் என்றார். ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுக்க வேண்டும் என்றார். ஆற்றுப் பாலத்தில் ஒரே நெரிசல் என்றார். அம்மா நீட்டிய கையை மடக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சாவி அவளுடைய உள்ளங்கைக்கு வந்தது. இத்தனை நாள் குடும்ப வழக்கமாக இருந்த ஒன்று எந்தச் சத்தமும் போடாமல் முடிந்துபோனது.

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. அம்மா ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா தோளை இறக்கி, ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, சமையலறையில் வேலை செய்கிற மாதிரி ஓட்டினாள். ஆற்றுப் பாலத்தில் ஒரு சைக்கிள்காரர் போய்க்கொண்டிருந்தார். அவர்தான் நெரிசல். பாலத்தைத் தாண்டியதும் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது.

பெரியம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கைப்பை இருந்தது. பக்கத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண், "காலையிலேர்ந்து எங்கயோ போகணும்னு கெளம்பி உக்காந்திருக்காங்க" என்றாள். அம்மா காரிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றாள். நான் பெரியம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேரின் வாயைப் பார்த்திருக்கிறேன், ஒரு வார்த்தைக்காக இப்படிக் காத்திருந்ததில்லை.

"வந்துட்டீங்களா?" என்றாள் பெரியம்மா. "டாக்சி சொல்லி எவ்வளவு நேரமாச்சு!"

அம்மா கதவை விடவில்லை. அவளுடைய விரல்கள் வெளுத்துவிட்டன.

"மன்னிச்சுக்கங்கக்கா, லேட்டாயிடுச்சு" என்றாள். "எங்க போகணும்?"

"என் தங்கச்சி வீட்டுக்கு. வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா பாவம். கூட்டிட்டுப் போறதுக்குத்தான் ஆளில்ல."

"ஏறுங்கக்கா" என்றாள் அம்மா.

நான் பின்சீட்டுக்குப் போனேன். பெரியம்மா முன்னால் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் தங்கையைப் பற்றித்தான் பேச்சு. சின்ன வயதில் தங்கை இருட்டுக்குப் பயப்படுவாள், இவளுடைய பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். தனக்குக் கிடைத்த மிட்டாயில் பாதியைக் கடித்து இவளுக்கு வைத்திருப்பாள், அது சட்டைப் பையில் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். "கோவக்காரி. ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டா." அம்மா ஒவ்வொன்றுக்கும், "அப்புறம்?" என்றாள். "அப்புறம் என்ன பண்ணுவாங்க?" என்றாள். எங்கள் தெரு வந்தது. அம்மா அதற்குள் திரும்பாமல் நேராகப் போனாள், இன்னொரு முழுச் சுற்று. அவளுடைய கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி மட்டும் ஆடவில்லை.

கடைசியில் வீட்டு வாசலில் நிறுத்தினாள். அப்பா கேட்டருகிலேயே நின்றிருந்தார், எவ்வளவு நேரமாகவோ. முதலில் பம்பரைப் பார்த்தார். அப்புறம்தான் எங்களைப் பார்த்தார். நான் பெரியம்மாவைக் கைகொடுத்து இறக்கினேன். அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. இந்த வீட்டில் அன்று அவளுக்கு அடையாளம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"என்ன தம்பி, நல்லாருக்கீங்களா? எங்க என் தங்கச்சி?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே, வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினாள். அப்பாவுக்கு விளங்கிவிட்டது.

"வெளிய போயிருக்கா அண்ணி. உங்களப் பாக்கத்தான். கார எடுத்துக்கிட்டு அவளே ஓட்டிட்டுப் போயிருக்கா."

பெரியம்மா நன்றாகச் சிரித்தாள். அவருடைய கையை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தாள்.

"எங்கிட்டயே கதையா தம்பி? அவளாவது, கார் ஓட்டறதாவது. நீங்கதான் அவள விடவே மாட்டீங்களே."